காவலூர்க் குன்றும் போலோஞா நகரின் ஓர் இரவும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமேல் ஏறுவோர், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் என்னும் சிற்றூரை அடைவர். சாமை விளையும் அம்மலைநாட்டில், மரங்களுக்கு மேலாக வெண்ணிறக் குவிமாடங்கள் எழுந்து நிற்பது முதன்முறை காண்போருக்கு வியப்பளிக்கும். அவை வழிபாட்டிடங்கள் அல்ல. தொலைநோக்கிகளைத் தாங்கி நிற்கும் கூடங்கள். கோடைக்கானல் வானாய்வு நிலையத்தின் பொறுப்பை 1960-இல் ஏற்ற வைணு பாப்பு அவர்கள், விண்மீன்களை ஆராய்வதற்கு வேறோர் இடம் வேண்டுமெனத் தேடித் தேர்ந்தெடுத்த இடம் இது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் உள்ளமையால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காணலாம். 1960-களின் பிற்பகுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் பணி தொடங்கியது. 1972-இல் 102 செ.மீ. கருவி வந்தது, 1986-இல் 234 செ.மீ. பெருந்தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. பாப்பு அவர்கள் அதனைக் காணவில்லை. 1982-இல் அவர் மறைந்தார். நிலையமும் பெருந்தொலைநோக்கியும் அவர் பெயரையே தாங்கியுள்ளன.

இக்காவலூரில் 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு, யுரேனஸ் என்னும் கோள் மங்கலான ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்துசெல்லும் வேளையை நோக்கி 102 செ.மீ. தொலைநோக்கி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஒரு விண்மீன் எப்பொழுது மறைகிறது, எவ்வாறு மறைகிறது என்பதை அளந்து, மறைக்கும் பொருளைப் பற்றி அறிந்துகொள்வதே அந்த இரவின் நோக்கம். இதே நோக்கத்தோடு, இதே முறையில், 480 ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலி நாட்டின் போலோஞா நகரில் இருபத்து நான்கு வயதுடைய மாணவர் ஒருவர் வானத்தைப் பார்த்து நின்றார். 1497 மார்ச் 9 அன்று அவர் கண்டது, ரோகிணி என நாம் அழைக்கும் விண்மீனைப் பிறைநிலா மறைத்த காட்சி. அவர் திருச்சபைச் சட்டம் பயில வந்தவர். பெயர் நிக்கோலஸ் கோப்பர்னிக்கஸ்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்கால ஐரோப்பாவைத் திருச்சபை வரலாற்று வகுப்பில் நாம் பெரும்பாலும் சீர்திருத்தத்தின் முன்னுரையாகவே படிக்கிறோம். போப்பரசர்களின் சீர்கேடு, அச்சு இயந்திரத்தின் பரவல், சவனரோலாவின் மரணம், பின்னர் நேரே 1517. இவ்வாறு படிப்பதில் தவறில்லை. ஆயினும் கற்ற மரபைக் கண்ணால் கண்டதோடு ஒப்புநோக்கும் துணிவு எவ்வாறு பிறந்தது, அதனை எதிர்கொண்ட நம் முன்னோர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்னும் வினா இப்படிப்பில் நழுவிப்போகிறது. ஆகவே காவலூரின் வழியாக அந்நூற்றாண்டிற்குள் நுழைவது நமக்குப் பயனுடையது.

ரோகிணி மறைந்த இரவு

அவ்வாண்டின் சூழலை முதலில் காண்போம். 1497 பிப்ரவரி 7 அன்று, ஃபிளாரன்ஸ் நகரச் சதுக்கத்தில் சவனரோலாவைப் பின்பற்றியோர் அணிகலன்களையும் ஓவியங்களையும் சூதாட்டப் பலகைகளையும் மலைபோல் குவித்து எரித்தனர். அதே ஆண்டின் மே மாதத்தில் ஆறாம் அலெக்சாண்டர் அவரைச் சபைநீக்கம் செய்தார். மறு ஆண்டு மே 23 அன்று அதே சதுக்கத்தில் அவர் தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார். சோதிடத்தைக் கண்டித்து அவர் ஒரு நூல் எழுதியிருந்தார் என்பது நம் வகுப்புகளில் அதிகமாகச் சொல்லப்படுவதில்லை. அந்நூலுக்கு ஊற்றாக இருந்தது அவருடைய நண்பர் பீக்கோ தெல்லா மிராந்தோலாவின் பெருநூல். 1494-இல் இளவயதிலேயே இறந்த பீக்கோவின் அந்தச் சோதிட மறுப்பு 1496-இல் அச்சேறியது. அச்சான இடம் போலோஞா. சோதிடர்கள் நம்பியிருக்கும் கணக்குகளே உறுதியற்றவை, கோள்களின் வரிசையில்கூட வல்லுநர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று அவர் அதில் வாதிட்டிருந்தார்.

அதே 1496-இல்தான் கோப்பர்னிக்கஸ் போலோஞாவுக்கு வந்தார். விஸ்துலா ஆற்றங்கரையிலுள்ள தோருன் நகரில் 1473-இல் பிறந்து, தந்தையை இழந்து, வார்மியா மறைமாவட்டப் பேராயரான தாய்மாமன் லூக்காஸ் வாட்ஸன்ரோதேயின் ஆதரவில் வளர்ந்தவர் அவர். கிராக்கோவில் நான்காண்டு படித்த மருமகனைப் பேராலயத்தின் கானன் பதவியில் அமர்த்திச் சட்டம் பயில அனுப்பினார் மாமன். கோப்பர்னிக்கஸைக் குருவானவர் என்றும் துறவி என்றும் நம் நூல்கள் சில குறிப்பிடுகின்றன. அவர் பேராலயப் பணியாளர் குழுவின் உறுப்பினர்; குருத்துவ அருட்பொழிவு பெற்றார் என்பதற்குச் சான்று இல்லை.

சட்ட மாணவராக வந்தவர் தங்கியதோ, வானியல் பேராசிரியரான தொமேனிக்கோ மரியா நோவாராவின் இல்லத்தில். ஆண்டுதோறும் சோதிடப் பலன் எழுதி வெளியிடுவது நோவாராவின் பல்கலைக்கழகக் கடமைகளுள் ஒன்று. பீக்கோவின் தாக்குதல் அச்சான ஊரில், தாக்கப்பட்ட தொழிலைச் செய்தவரின் வீட்டில், அந்த இளைஞர் வாழ்ந்தார். கோள்களின் வரிசையை எவ்வாறு உறுதிசெய்வது என்னும் வினா அவர் உள்ளத்தில் விழுந்தது அங்கேதான் என வரலாற்றறிஞர் சிலர் கருதுகின்றனர்.

அவர் கைக்குக் கிடைத்த மற்றொரு நூல் இன்னும் முக்கியமானது. ரெகியோமொந்தானுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தம் ஆசிரியர் பியூர்பாக் இறக்கும்போது ஒப்படைத்துச் சென்ற பணியை நிறைவேற்றி, பண்டைய தாலமியின் வானியலைச் சுருக்கி விளக்கி எழுதியிருந்தார். ஆசிரியருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர், 1496-இல் வெனிஸ் நகரில் அது அச்சானது. அந்நூலில் ஓரிடத்தில் அவர் சிறியதொரு முரண்பாட்டைச் சுட்டுகிறார். தாலமியின் கணக்கின்படி, அரைநிலாக் காலத்தில் நிலா பூமிக்கு மிக நெருங்கி வரலாம். அவ்வாறு வரின் அதன் விட்டம் ஏறத்தாழ இரு மடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் தோன்றவேண்டும். ஆனால் எவரும் அத்தகைய நிலாவைக் கண்டதில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ பேர் அக்கணக்கைக் கற்றனர், கற்பித்தனர். அவர்களுடைய தலைக்கு மேலேயே நிலா ஒவ்வொரு மாதமும் அதனை மறுத்துக்கொண்டிருந்தது.

இதனைச் சோதிக்க வழி உண்டா? உண்டு, அதற்கு ஒரு விண்மீனின் துணை வேண்டும். கைவிரலை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால், விரல் பின்னுள்ள சுவரில் இடம் மாறுவதுபோல் தோன்றும். விரல் அருகே வந்தால் மாற்றம் மிகும்; விலகினால் குறையும். அவ்வாறே பூமியின் நடுவிலிருந்து கணக்கிட்ட நிலாவின் இடத்திற்கும், போலோஞாவில் நிற்பவர் காணும் இடத்திற்கும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டை அளந்தால் நிலாவின் தொலைவு தெரியவரும். நிலா ஒரு விண்மீனை மறைக்கும் கணத்தில் அதன் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை ஐயமறக் கூறலாம். விண்மீன் ஒரு புள்ளி; அது மங்கி மங்கி மறைவதில்லை; கண்ணிமைக்கும் நேரத்தில் இல்லாமற் போகிறது.

நிலா நெருங்கும் விண்மீன்களில் ரோகிணியைத் தமிழர் நன்கறிவர். சகடு, அதாவது வண்டி, என்னும் பெயரால் அதனைச் சங்கப் புலவர் குறித்தனர். மதி அதனைச் சேரும் நாளை மணநாளாகக் கொண்டனர். கோவலன் கண்ணகி திருமணத்தையும் இளங்கோவடிகள் அந்நாளிலேயே அமைக்கிறார். போலோஞாவில் நின்ற மாணவருக்கு அது மங்கலக் காட்சியன்று, அளவுகோல். கதிரவன் மறைந்தபின் காத்திருந்து, இரவின் ஐந்தாம் மணியின் முடிவில், நிலாவின் இருண்ட விளிம்பில் விண்மீன் மறைந்ததைக் குறித்துக்கொண்டார். அக்குறிப்பு, தாலமி சொன்ன அளவுக்கு நிலா அருகில் வரவில்லை என்னும் முடிவோடு பொருந்தியது. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து வெளிவந்த தம் பெருநூலின் நான்காம் பாகத்தில், நிலாவின் தொலைவு பற்றிய தம் கணக்கு சரியென்பதற்குச் சான்றாக இந்த ஓர் இரவை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பூமி சுழல்கிறது என்பதையோ கதிரவன் நடுவில் உள்ளது என்பதையோ இம்மறைப்பு மெய்ப்பிக்கவில்லை. நிலா பூமியைச் சுற்றுவது இரு சாராருக்கும் உடன்பாடே. அந்த இரவில் அவர் செய்தது, பெரியோர் எழுதியதைக் காட்சியோடு ஒப்பிட்டு, ஒவ்வாதபோது காட்சியின் பக்கம் நின்றது மட்டுமே.

அதே வானத்தின் கீழ் மற்றவர்கள்

வானத்தின் கணக்குகள் அக்காலத்தில் கல்விக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. கோப்பர்னிக்கஸ் ரோகிணியைக் கண்ட நான்கு மாதத்தில், 1497 ஜூலை 8 அன்று, வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் லிஸ்பன் துறையிலிருந்து புறப்பட்டன. மாலுமிகளுக்கு உதவிய அட்டவணைகளை உருவாக்கியவர் ஆபிரகாம் சக்கூட்டோ என்னும் யூத அறிஞர். 1492-இல் ஸ்பெயின் யூதரை வெளியேற்றியபோது போர்ச்சுகலில் அடைக்கலம் புகுந்தவர். அவருடைய அட்டவணை 1496-இல் அச்சானது. அதே ஆண்டு டிசம்பரில் போர்ச்சுகல் மன்னரும் யூதர் வெளியேறவேண்டுமென ஆணையிட்டார். கப்பல் அவருடைய கணக்கோடு கிழக்கே சென்றது. கணக்கின் ஆசிரியரோ வட ஆப்பிரிக்காவுக்கு ஓடவேண்டியதாயிற்று. சிலுவைக்கொடி கட்டிய கப்பல்களின் வரலாற்றை எழுதுவோர் இதனை விட்டுவிடலாகாது.

கொலம்பஸின் செயலும் நினைக்கத்தக்கது. 1504-இல் ஜமைக்காத் தீவில் கப்பலின்றித் தவித்த அவர், உணவு தர மறுத்த தீவு மக்களிடம், கடவுள் உங்கள்மீது சினம்கொண்டு நிலாவை இருளச் செய்வார் என்று அச்சுறுத்தினார். பிப்ரவரி 29 அன்று சந்திரகிரகணம் நிகழும் என்பதை அச்சிட்ட அட்டவணையிலிருந்து அவர் முன்னரே அறிந்திருந்தார். நிலா சிவந்தது; மக்கள் அஞ்சி உணவு கொணர்ந்தனர். இதனைச் சாதுரியம் என வியந்து எழுதும் நூல்கள் உண்டு. மலைவாழ் மக்களிடையே பணியாற்றச் செல்லும் ஊழியர் இதனைப் படித்தால் வேறுவிதமாக உணர்வர் என நம்புகிறேன்.

வாஸ்கோ ட காமா 1498 மே மாதத்தில் கோழிக்கோட்டிற்கு அண்மையில் கரையிறங்கியபோது, அங்கிருந்து தெற்கே இரண்டு மூன்று நாள் நடைத்தொலைவிலுள்ள திருக்கண்டியூரில் நீலகண்ட சோமயாஜி என்னும் நம்பூதிரி அறிஞர் வாழ்ந்துகொண்டிருந்தார். 1500-ஆம் ஆண்டளவில் அவர் முடித்த தந்திரசங்கிரகம், புதன், வெள்ளி ஆகியவற்றின் கணக்கைத் திருத்தியமைத்தது. ஐந்து கோள்களும் கதிரவனைச் சுற்றுகின்றன என்றும், கதிரவன் பூமியைச் சுற்றுகிறது என்றும் பின்னர் அவர் விளக்கினார். அவருடைய ஆசிரிய மரபின் முன்னோரான பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நோக்கிப் பழைய கணக்கைத் திருத்தி 1431-இல் நூல் செய்தவர். தெய்வ வாக்காக வந்த சித்தாந்தங்களை மனிதர் திருத்தலாமா என்னும் கேள்வி அங்கேயும் எழுந்தது. நீலகண்டர் சோதிர்மீமாம்சை என்னும் நூலில் அதற்கு விடையளிக்கிறார்: தெய்வ அருள் என்பது அறிவு தெளிவடைதலே, தெய்வம் நேரில் வந்து கணக்கைச் சொல்லித் தருவதன்று, ஆகவே சோதித்துத் திருத்துவது கடமை. வெளிப்பாடு பற்றிய நம் பாடங்களில் இவ்விடை ஒரு வகுப்புக்காவது எடுத்துக்கொள்ளத்தக்கது. கோப்பர்னிக்கஸ் இவரை அறியார். இவரும் அவரை அறியார்.

யோசுவாவும் சீர்திருத்தவாதிகளும்

கோப்பர்னிக்கஸின் நூல் 1543-இல் நியூரம்பர்க்கில் அச்சானது. அச்சேறக் காரணமாயிருந்தவர்களும் அதனைத் தடுமாறச் செய்தவர்களும் பெரும்பாலும் நம் லுத்தரன் முன்னோர் என்பது வியப்பு. விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் ரெத்திக்குஸ் 1539-இல் கத்தோலிக்க வார்மியாவுக்குப் பயணம்செய்து, முதியவரோடு தங்கி, நூலை வெளியிடுமாறு இசையச் செய்தார். அச்சுப் பணியை இறுதியில் மேற்பார்த்த ஆன்ட்ரியாஸ் ஒசியாண்டர் நியூரம்பர்க்கின் புகழ்பெற்ற லுத்தரன் ஆயர். அவர் ஆசிரியரைக் கேளாமலும் தம் பெயரை இடாமலும் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார். இந்நூலில் சொல்லப்பட்டவை உண்மையாக இருக்கவேண்டியதில்லை, கணக்குக்கு உதவும் கற்பிதங்களாக இருந்தாற் போதும் என்பது அதன் சாரம். நூலைக் காக்கவே அவர் இவ்வாறு செய்தார் என அவருக்காக வாதிடுவோர் உளர். ஆயினும் கோப்பர்னிக்கஸின் நண்பரான பேராயர் கீஸே கடுஞ்சினம் கொண்டார். ஆசிரியரோ அவ்வாண்டு மே 24 அன்று இறந்துவிட்டார். அம்முன்னுரை ஒசியாண்டருடையது என 1609-இல் கெப்ளர் வெளிப்படையாக எழுதும்வரை, படித்தோர் பலர் அதனைக் கோப்பர்னிக்கஸின் சொல்லாகவே கொண்டனர்.

லுத்தர் கோப்பர்னிக்கஸை மூடன் என்றார் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். 1539-இல் உணவுமேசையில் பூமியின் இயக்கம் பற்றிப் பேச்சு வந்ததும், கதிரவனை நிற்கும்படி யோசுவா கட்டளையிட்டதை லுத்தர் சுட்டியதும் உண்மை. ஆனால் அதனைக் குறித்த லவுட்டர்பாக்கின் ஏட்டில் அவ்வசைச்சொல் இல்லை. லுத்தர் இறந்து இருபதாண்டுகளுக்குப் பின், 1566-இல் அவுரிஃபாபர் அச்சிட்ட பதிப்பிலேதான் அது காணப்படுகிறது. கோப்பர்னிக்கஸின் பெயரும் அப்பேச்சில் இல்லை. மெலாங்தன் 1549-இல் எழுத்திலேயே எதிர்த்தார். மறு ஆண்டுப் பதிப்பில் கடுமையைத் தணித்துக்கொண்டார்.

கால்வினைப் பற்றிய செய்தி இன்னும் படிப்பினையுடையது. கோப்பர்னிக்கஸின் அதிகாரத்தைப் பரிசுத்த ஆவியானவருக்கு மேலாக வைக்கத் துணிபவர் யார் என்று கால்வின் கேட்டதாக ஒரு கூற்று பல நூல்களில் இடம்பெற்றுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத் திருச்சபை எழுத்தாளர் ஃபாரர் அதனை எழுத, அமெரிக்கரான ஆன்ட்ரூ டிக்சன் வைட் தம் புகழ்பெற்ற நூலில் எடுத்தாள, அதன்பின் அனைவரும் எழுதினர். 1960-இல் எட்வர்டு ரோசன் என்னும் அறிஞர் கால்வினின் எழுத்துகளில் அதனைத் தேடினார், கிடைக்கவில்லை. அதற்காகக் கால்வின் கோப்பர்னிக்கஸின் ஆதரவாளர் என்று மாற்றிச் சொல்வதும் தவறு. பூமி சுழல்கிறது என்போரை அவர் ஒரு பிரசங்கத்தில் கண்டித்ததுண்டு. ஆதியாகம விளக்கத்திலோ வேறொரு கால்வினைக் காண்கிறோம். இரு பெருஞ்சுடர்கள் என்று மோசே எழுதியதை விளக்கும்போது, சனிக்கோள் நிலாவைவிடப் பெரியதென வானியலார் காட்டியுள்ளதை அவர் ஒப்புக்கொள்கிறார். மோசே கல்லாதவர்க்கும் விளங்கக் கண்ணுக்குத் தோன்றியவாறு எழுதினார். அதனால் வானியல் கண்டிக்கத்தக்கதன்று என்கிறார்.

இவ்விளக்கத்தை யோசுவா பத்தாம் அதிகாரத்திற்கும் நீட்டியவர் ரெத்திக்குஸ். திருமறையையும் பூமியின் இயக்கத்தையும் பற்றி அவர் எழுதிய சிறுநூல் நெடுங்காலம் காணாமற் போயிற்று. 1651-இல் பெயரின்றி அச்சான ஒரு நூல் அதுவே எனக் கண்டு டச்சு அறிஞர் ஹூய்காஸ் 1984-இல் வெளியிட்டார். அகஸ்தீனைத் துணைக்கொண்டு, திருமறை மக்களின் பேச்சு வழக்கில் பேசுகிறது, இயற்கையின் நுட்பங்களைக் கற்பிப்பது அதன் நோக்கமன்று என்று அவர் நிறுவுகிறார். கலிலேயோ இதே வாதத்தை எழுதியதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, விட்டன்பர்க்கிலிருந்து வந்த ஒரு லுத்தரன் எழுதியது இது.

காவலூர்க் குவிமாடங்களின் நிழலில் வளரும் பள்ளிப் பிள்ளை ஒருவர், திருமுழுக்கு ஆயத்த வகுப்பில், கதிரவன் நின்றதா பூமி நின்றதா என்று கேட்டால், நம் ஆயர் ரெத்திக்குஸைப்போல் விடை சொல்லலாம், ஒசியாண்டரைப்போலவும் சொல்லலாம். பின்னவர் வழி எளிது: பள்ளியில் படிப்பது கணக்குக்கு, இங்கே படிப்பது விசுவாசத்துக்கு என்று பிரித்துவிடுவது. கேட்ட பிள்ளை வாய்மூடும், கேள்வி மூடாது.

நம் தமிழ்த் திருச்சபையில் இதற்கு வேறோர் முன்மாதிரி உண்டு. சுவார்ட்சு ஐயரின் மாணவரான தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1800-இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில், கோப்பர்னிக்கஸின் அமைப்பின்படி கோள்களின் ஒழுங்கைப் பாட்டாகவே பாடியுள்ளார். மலைக்குறத்தி வந்து குறி சொல்லும் சிற்றிலக்கியத்தில் கதிரவனைச் சுற்றும் பூமிக்கு இடம் கிடைத்தது. ஐரோப்பாவிலோ கோப்பர்னிக்கஸின் நூல் அப்பொழுதும் ரோமாபுரியின் தடைப்பட்டியலில் இருந்தது. 1835-ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் அது நீங்கியது.

நாட்காட்டியின் செய்தி

வானத்தின் பிழை சபையின் வழிபாட்டிலும் நுழைந்திருந்தது என்பதை மறக்கலாகாது. உயிர்த்தெழுந்த திருநாளைக் குறிக்கும் கணக்கு, இரவும் பகலும் ஒத்த நாள் மார்ச் 21 எனக் கொண்டது. கோப்பர்னிக்கஸின் காலத்தில் அது மார்ச் 11 அளவில் வந்துகொண்டிருந்தது. இதனைச் சீர்ப்படுத்தவே போப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் 1475-இல் ரெகியோமொந்தானுஸை ரோமுக்கு அழைத்தார். மறு ஆண்டே அவர் நாற்பதாம் வயதில் அங்கே இறந்தார். 1514-இல் மீண்டும் முயற்சி எழுந்தபோது கோப்பர்னிக்கஸிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. ஆண்டின் நீளமும் மாதத்தின் நீளமும் இன்னும் செம்மையாக அளக்கப்படவில்லை என்பதே இடர்ப்பாடு என அவர் கருதினார். 1582-இல் திருத்தம் வந்தது; போப்பரசரிடமிருந்து வந்ததாலேயே சீர்திருத்த நாடுகள் பல அதனை ஏற்கவில்லை.

இதன் விளைவு தமிழ்நாட்டுக் கரைவரை வந்தது. டென்மார்க் 1700-இல் புதிய காட்டியை ஏற்றது. ஆகவே 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கிய தரங்கம்பாடியில் புதிய கணக்கு. இங்கிலாந்தோ 1752 வரை பழைய கணக்கையே கைக்கொண்டது. ஆகவே சென்னைக் கோட்டையில் பதினொரு நாள் பின்தங்கிய கணக்கு. 1728-இல் சென்னையில் பணி தொடங்கிய சூல்ட்சே ஐயர், தரங்கம்பாடியில் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த பின்னும் சென்னை ஆங்கிலேயர் டிசம்பர் நடுப்பகுதியில் இருக்கக் கண்டிருப்பார். 1497 மார்ச் 9-உம் 1977 மார்ச் 10-உம் அடுத்தடுத்த நாட்கள்போல் தோன்றுவதும் இத்தகைய மயக்கமே. கோப்பர்னிக்கஸின் அந்நாள் நம் காட்டியில் மார்ச் 18 ஆகும்.

மீண்டும் காவலூர்

ஜவ்வாது மலையாளி மக்களின் மூதாதையரைப் பற்றி வட ஆற்காடு மாவட்ட விவரநூல் பதிவுசெய்த மரபுவழிக் கதை ஒன்று உண்டு. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரின் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் தனியே திரும்பினால் நாங்கள் இறந்தோம் எனக் கொண்டு ஈமக்கடன் செய்யுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம், பாதி நீந்திய நாய்கள் ஊர் திரும்பின. ஆடவர் ஆற்றைக் கடந்து பகைவரை வென்று மீண்டபோது, அவர்களுக்குச் சடங்குகள் முடிந்து, மனைவியர் கைம்பெண்களாயிருந்தனர். உயிரோடு எதிரில் நின்றும் ஊர் அவர்களை ஏற்கவில்லை. வேடர் குலத்தில் மணம்செய்து அவர்கள் ஜவ்வாது மலை ஏறினர் என்பது கதை. கால்வினின் பெயரால் உலவிய கூற்றை எண்ணும்போதெல்லாம் இக்கதை என் நினைவுக்கு வருகிறது.

காவலூரில் செய்யப்பட்ட இரு பதிவுகளைச் சொல்லி முடிப்பேன். 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அம்மறைப்பு அளக்கப்பட்டது. விண்மீன் சட்டென மறையாது சற்றே தணிந்து மறைந்ததுபோல் தோன்றியதால், கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உள்ளது என முடிவுசெய்து 1973-இல் வெளியிட்டனர். 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகே சென்று அளந்தபோது, அவர்கள் கூறிய அளவிற்கு வளிமண்டலம் அங்கில்லை எனத் தெரிந்தது.

1977 மார்ச் இரவில், யுரேனஸ் விண்மீனை அணுகுமுன் விண்மீனின் ஒளி சற்றே மங்கி மீண்டதைக் காவலூரில் கண்டனர். அமெரிக்க வானியலார் விமானத்தில் பறந்துகொண்டே இந்துமாக்கடலின் மேலிருந்து அதே மறைப்பை அளந்தனர். அவர்களும் அத்தகைய மங்கல்களைக் கண்டனர், அதுவும் கோளின் இருபுறத்திலும். காவலூரின் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் முதலில் அதனை யுரேனஸின் புதிய துணைக்கோள் எனக் கருதி, நேச்சர் என்னும் இதழில் அவ்வாறே எழுதினர். பதிவுகளை ஒப்பிட்டபின், அது துணைக்கோளன்று, யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது புலனாயிற்று. அதே ஆண்டில் அதே இதழில், யுரேனஸின் வளையங்களைப் பற்றிப் பட்டாச்சார்யாவும் பாப்புவும் தம் பெயரிட்டு எழுதினர்.